எஞ்சும் ஈரல்: சத்திரசிகிச்சைக்கு முந்திய ஒரு கணக்கு

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் மாலையில் வைத்தியசாலை விடுதிகளில் ஒரு சிறு உரையாடல் நிகழ்வதுண்டு. அது பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிப்பதில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் கட்டிலருகே வந்து நிற்பார். நோயாளி எழுந்து உட்கார முயல்வார். பக்கத்திலிருக்கும் மனைவியோ மகனோ பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்ப்பர். எந்த நாட்டு வைத்தியசாலையாயினும், எந்த மொழி வழங்கும் இடமாயினும், அங்கே எழும் வினா ஒன்றுதான்: "ஐயா, நான் இதிலே தப்புவேனா?"

"பயப்பட ஒன்றுமில்லை" என்பதே இவ்வினாவுக்கு நெடுங்காலமாக வழங்கிவந்த விடை. அவ்விடை அன்பினாற் பிறந்தது என்பதில் ஐயமில்லை. அது அறிவினாலும் பிறந்ததா என்பதே கேள்வி. ஈரற் புற்றுநோயைப் பொறுத்தவரையில் அன்பான விடையை அறிவுள்ள விடையாக மாற்றுவதற்கு வைத்தியவுலகம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக முயன்றுவருகிறது. அம்முயற்சியின் வரலாறு வைத்தியத்துறை சார்ந்தோருக்கு மட்டும் உரியதன்று. ஒரு மனிதனின் நாளைய கதியை இன்று அளந்து சொல்ல முயலும்போது அறிவு எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை அறிய விரும்பும் எவருக்கும் அது உரியது.

ஈரற் புற்றுநோய் உலகின் பெருங்கொடுமைகளுள் ஒன்று. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 8 இலட்சத்து 66 ஆயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 7 இலட்சத்து 60 ஆயிரம் பேர் இதனால் இறந்தனர். இவ்விரு எண்களும் இத்துணை நெருங்கி நிற்பதே நோயின் இயல்பைச் சொல்லிவிடும். இதிலிருந்து முற்றாக விடுபடுவதற்குள்ள வழிகள் மிகச் சில. கட்டியை ஈரலின் ஒரு பகுதியோடு வெட்டி அகற்றுவது அவற்றுள் முக்கியமானது. எனவே சத்திரசிகிச்சை என்பது நோயாளிக்கு ஓர் அச்சம் மட்டுமன்று, ஒரு வாய்ப்புமாகும். அது மறுக்கப்படுவதும் ஒரு தீர்ப்பே. இவ்வுண்மையை மறந்துவிட்டால் பின்வரும் கணக்குகள் யாவும் வெறும் எண்களாகிவிடும்.

ஏனைய உறுப்புகளிற் செய்யப்படும் சத்திரசிகிச்சைக்கும் ஈரலிற் செய்யப்படுவதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. குடலின் ஒரு துண்டை வெட்டியெடுத்த பின்னர் எஞ்சிய குடல் பெரும்பாலும் நலமான குடலாகவே இருக்கும். ஈரற் புற்றுநோயில் நிலைமை அவ்வாறன்று. இந்நோய் பெரும்பாலும் ஏற்கெனவே நலிந்துபோன ஈரலிலேயே தோன்றுகிறது. ஈரல் அழற்சி பி வைரசு, சி வைரசு, நெடுங்கால மதுப்பழக்கம், ஈரலிற் கொழுப்புப் படிதல் முதலிய காரணங்களால் ஆண்டுக்கணக்காகப் புண்பட்டு, ஆறி, மீண்டும் புண்பட்டு, ஈற்றில் வடுக்களால் நிறைந்து இறுகிப்போன ஈரல் அது. இந்நிலையே சிரோசிசு எனப்படுகிறது. ஆகவே நோயாளியிடம் ஓர் உறுப்பில் இரு நோய்கள் உள்ளன. கத்தி ஒன்றை மட்டுமே அகற்றும். மற்றையது உடலில் எஞ்சி நிற்கும். நோயாளி பிழைப்பதும் பிழைக்காததும், அகற்றப்படும் கட்டியைக் காட்டிலும் எஞ்சி நிற்கும் ஈரலையே பெரிதும் பொறுத்தது.

வளர்ந்த மனிதரின் ஈரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ளது. உணவிலிருந்து பெற்றதைச் சேமிப்பது, குருதி உறைவதற்கு வேண்டிய புரதங்களை ஆக்குவது, பித்தத்தைச் சுரப்பது, நச்சுப் பொருட்களை முறிப்பது எனப் பல தொழில்களை அது ஒருங்கே ஆற்றுகிறது. இவற்றுக்கெல்லாம் மேலான வியப்பு அதன் மீள்வளர்ச்சி. 1931ஆம் ஆண்டில் ஹிக்கின்ஸ், அண்டர்சன் என்னும் இருவர் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றி, எஞ்சிய பங்கு சில வாரங்களுக்குள் பழைய நிறையளவுக்கு வளர்ந்துவிடுவதைக் காட்டினர். மனித ஈரலுக்கும் அவ்வாற்றல் உண்டு. ஆனால் அவ்வாற்றல் நலமான ஈரலின் உடைமை. வடுப்பட்டு இறுகிய ஈரல் மெல்லவே வளரும். சிலவேளை வளராமலே தளர்ந்துபோகும். அப்போது நோயாளியின் கண்கள் மஞ்சளாகிச் செங்கண்மாரி தோன்றும்; வயிற்றில் நீர் சேர்ந்து மகோதரம் உண்டாகும்; அறிவு மயங்கும். வெட்டு ஆறிவரும், மனிதர் தளர்ந்துகொண்டே போவார்.

இவ்வாபத்தை முன்கூட்டி அளக்க வேண்டுமென்ற எண்ணம் தொடக்கத்தில் எழவில்லை. அக்காலத்திற் குருதிப் பெருக்கே முதற்பகையாக இருந்தது. 1888இல் பேர்லினில் கார்ல் லாங்கன்புக் ஈரலின் ஒரு பகுதியைத் திட்டமிட்டு அகற்றி வெற்றி கண்டார். ஆயினும் குருதி பெருகியமையால் அந்நோயாளியின் வயிற்றை அவர் மீண்டும் திறக்கவேண்டியதாயிற்று. 1908இல் கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள், ஈரலுக்குட் செல்லும் குருதிக் குழாய்களை விரல்களுக்கிடையே அழுத்திப் பிடித்துக் குருதிப் பெருக்கை அடக்கும் முறையை எடுத்துரைத்தார். 1957இல் பிரான்சு நாட்டின் குயினோ, ஈரல் வெளித்தோற்றத்தில் ஒரே பிண்டமாகக் காணப்படினும் உள்ளே தனித்தனிக் குருதியோட்டமுடைய எட்டுக் கூறுகளாக அமைந்துள்ளதென விளக்கினார். எல்லை தெரிந்த நிலத்தை அளந்து பிரிப்பதுபோல ஈரலையும் பிரிக்கலாம் என்னும் துணிவு இதனாற் பிறந்தது.

துணிவு வளர்ந்தபின் யாரோ ஒருவர் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பொஸ்டர், பேர்மன் என்போர் பல வைத்தியசாலைகளிற் செய்யப்பட்ட 621 ஈரற்பகுதி நீக்கங்களின் விபரங்களைத் திரட்டி 1977இல் வெளியிட்டனர். நூற்றுக்கு 13 பேர் சத்திரசிகிச்சையை ஒட்டி இறந்திருந்தனர். பெரும்பகுதி அகற்றப்பட்டவர்களுள் நூற்றுக்கு 20 பேர் இறந்திருந்தனர். ஐவரில் ஒருவர் என்பது சிறிய தொகையன்று. இறந்தோர் ஒவ்வொருவரும் முதல் நாள் மாலையில் அந்த ஒரே வினாவைக் கேட்டிருப்பர். அவர்களுட் பலருக்கு அந்த ஒரே விடை சொல்லப்பட்டிருக்கும். பிற்காலத்திற் பெறப்பட்ட முன்னேற்றம் அனைத்துக்கும் இத்தகைய ஒளிவுமறைவற்ற கணக்குகளே அடித்தளமாயின. தன் கையால் இறந்தவர்களை எண்ணிப் பார்க்கத் துணியாத துறை எதிர்காலத்தைக் கணிக்கவும் தகுதி பெறாது.

எனினும் அளப்பதற்குக் கோல் ஒன்று வேண்டும். அக்கோல்கள் வந்த வழி கவனிக்கத்தக்கது. 1964இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைல்ட், டேர்கொட் என்போர் ஈரல் நோயாளரை மூன்று வகுப்புகளாகப் பிரித்தனர். குருதியில் உள்ள பிலிரூபின், அல்புமின் ஆகியவற்றின் அளவுகள், மகோதரம், அறிவு மயக்கம், உடலின் ஊட்டநிலை என்னும் ஐந்தும் அவர்களின் அளவுகோலாயின. 1973இல் இலண்டனில் பியூ என்பவரும் அவருடைய சகாக்களும் ஊட்டநிலையை நீக்கி, அவ்விடத்திற் குருதி உறைவதற்குச் செல்லும் நேரத்தை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரை புள்ளியிட்டனர். மொத்தப் புள்ளி 5 அல்லது 6 ஆயின் முதல் வகுப்பு. 7 முதல் 9 வரை இரண்டாம் வகுப்பு. 10 முதல் 15 வரை மூன்றாம் வகுப்பு. கட்டிலருகே நின்று விரல்விட்டு எண்ணக்கூடிய இந்த எளிய கணக்கு இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது.

ஆனால் இக்கோல் ஈரற் புற்றுநோய்க்கெனச் செய்யப்பட்டதன்று. சைல்ட் வகுத்த முறை, ஈரலுக்கு வரும் நாளத்தில் அழுத்தம் மிகுந்தமையால் குருதியோட்டத்தைத் திசை திருப்பும் சத்திரசிகிச்சைக்கு ஆளானவர்களை நோக்கியது. பியூவின் புள்ளிகள், உணவுக்குழாயிற் புடைத்த நாளங்கள் வெடித்துக் குருதி சிந்திய நோயாளரை நோக்கியவை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மாயோ நிலையத்தார் பிலிரூபின், கிரியேற்றினின், குருதி உறையும் தன்மை முதலியவற்றிலிருந்து இயற்றிய மெல்ட் என்னும் புள்ளியும், நாள அழுத்தத்தைக் குறைக்க ஈரலினுள்ளே குழாய் பொருத்தப்பட்டோரின் ஆயுளைக் கணிக்கவே முதலில் எழுந்தது. 2002 முதல் அது அமெரிக்காவில் ஈரல் மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருப்போரை வரிசைப்படுத்தவும் பயன்பட்டது. ஆக, புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையாளர் கையிலெடுத்த கோல்கள் இரவற் கோல்களே. இரவல் வாங்குவது குற்றமன்று. இரவல் என்பதை மறப்பதே குற்றம்.

இம்மறதி எங்கே துன்பம் விளைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காணலாம். ஒரே வயதுடைய இருவர் ஒரே விடுதியில் அடுத்தடுத்த கட்டில்களில் இருப்பதாகக் கொள்க. இருவருக்கும் ஈரலின் வலப்புறத்தில் ஒரே அளவான கட்டி. இருவருக்கும் மகோதரம் இல்லை, அறிவு மயக்கம் இல்லை, குருதிப் பரிசோதனை எண்களும் ஒத்திருக்கின்றன. இருவரும் ஐந்து புள்ளி பெற்று முதல் வகுப்பில் இடம் பெறுகின்றனர். பியூவின் கோலுக்கு இவர்கள் இரட்டையர். ஆனால் ஒருவரின் ஈரல் ஏறக்குறைய நலமானது. மற்றவரின் ஈரலோ இருக்கும் வலுவையெல்லாம் திரட்டி அன்றாட வேலையை மட்டும் ஒருவாறு ஒப்பேற்றிக் கொண்டிருக்கிறது. செலவுக்குப் போதுமான வருமானம் இருவருக்கும் உண்டு. சேமிப்பு ஒருவருக்கே உண்டு. சத்திரசிகிச்சை என்பது திடீரென வந்துசேரும் பெருஞ்செலவு. அந்நாளிற் சேமிப்பில்லாதவர் வீழ்ந்துவிடுவார். எனவே ஈரலின் வருமானத்தை மட்டுமன்றி அதன் சேமிப்பையும் அளக்க வேண்டியிருந்தது.

அதற்குத் துணைவந்தது ஒரு பச்சைச் சாயம். இந்தோசயனின் பச்சை எனப்படும் இப்பொருளும் ஓர் இரவற் பொருளே. 1950களின் பிற்பகுதியில் இதயம் வெளித்தள்ளும் குருதியின் அளவைக் கணிப்பதற்கு இது பயன்பட்டது. இதனை நாளத்தினுள் ஏற்றினால் குருதிப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு உடலைச் சுற்றிவரும். ஈரலே இதனைக் குருதியிலிருந்து பிரித்தெடுத்து, எவ்வித மாற்றமும் செய்யாமல் பித்தத்தோடு வெளியேற்றும். உடல் எடையின் கிலோகிராமுக்கு அரை மில்லிகிராம் வீதம் ஏற்றிப் பதினைந்து நிமிடங்களின் பின் குருதியில் எவ்வளவு சாயம் எஞ்சியுள்ளது எனப் பார்ப்பர். நலமான ஈரலாயின் நூற்றுக்குப் பத்துக்கு மேல் எஞ்சாது. நலிந்த ஈரலாயின் இருபதும் முப்பதும் எஞ்சும். மேற்கூறிய இரட்டையரை இச்சாயம் பிரித்துக் காட்டிவிடும். இதற்கும் எல்லை உண்டு. கட்டியால் பித்தக்கான் அடைபட்டிருப்பின் சாயம் வெளியேற வழியின்றித் தேங்கும். அப்போது எண் கூடுவதற்கு ஈரலின் நலிவு காரணமாகாது. எண்ணைப் படிப்பவர் அதன் பின்னாலுள்ள உடலையும் படிக்க வேண்டும்.

இச்சாயப் பரிசோதனையைச் சத்திரசிகிச்சையாளரின் கையைக் கட்டும் ஒழுங்கு விதியாக்கிய பெருமை யப்பானைச் சேர்ந்த மசதோஷி மக்குச்சிக்கு உரியது. சத்திரசிகிச்சைக்கூடத்தினுள்ளே கழியொலிக் கருவியைக் கொண்டுவந்து, ஈரலின் உள்ளே ஓடும் குழாய்களைப் பார்த்துக்கொண்டே வெட்டும் முறையை வளர்த்தவரும் அவரே. அவரது விதி படிப்படியாக அமைந்தது. மருந்தினால் அடங்காத மகோதரம் இருந்தால் வெட்டக்கூடாது. குருதியின் பிலிரூபின் 100 மில்லிலீற்றருக்கு 2 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலாயின் வெட்டக்கூடாது. அது 1 மில்லிகிராமுக்கு மேற்படாவிடின், சாயத்தின் எண் வழிகாட்டும். நூற்றுக்குப் பத்துக்குக் குறைவாயின் பெரும்பகுதியை அகற்றலாம். பத்து முதல் இருபதுக்குள் ஆயின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கோடு நிற்க வேண்டும். இருபது முதல் முப்பதுக்குள் ஆயின் குயினோ கூறிய எட்டில் ஒரு கூறு மட்டுமே. அதற்கும் மேலாயின் கட்டியைச் சுற்றிச் சிறிதளவே. நாற்பதையும் எட்டினால் கட்டியை மட்டும் தோண்டியெடுப்பதற்கு அப்பாற் செல்லலாகாது.

இவ்விதியின் சிறப்பு அதன் நுட்பத்திலன்று, அதன் மனப்பாங்கிலேயே உள்ளது. "இக்கட்டியை எடுக்க முடியுமா?" என்பது கைத்திறன் மிக்க ஒருவரின் இயல்பான வினா. "எடுத்தபின் எஞ்சுவது இவரைத் தாங்குமா?" என்பது விதி எழுப்பும் வினா. முதல் வினாவுக்கு விடை நிபுணரின் கையில் இருக்கிறது; இரண்டாவதற்கு விடை நோயாளியின் உடலில் இருக்கிறது. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவன் கருதவேண்டியவற்றை வரிசைப்படுத்தும்போது நோயுற்றவனின் அளவை முதலிலும் நோயின் அளவை அதன் பின்னரும் காலத்தை அடுத்தும் வைக்கிறது. மக்குச்சியின் விதியிலும் அவ்வரிசையே காணப்படுகிறது. கட்டியின் பருமன் முதலிடத்தில் இல்லை. அதைச் சுமந்து வந்த மனிதரே முதலில் அளக்கப்படுகிறார்.

இதன் பயன் 2003ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கில் தெரிந்தது. டோக்கியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சத்திரசிகிச்சையாளர்கள் எட்டு ஆண்டுகளில் தொடர்ச்சியாகச் செய்த 1056 ஈரற்பகுதி நீக்கங்களில், சத்திரசிகிச்சை காரணமாக ஒருவரும் இறக்கவில்லை என அறிவித்தனர். ஈரலிலேயே தோன்றிய புற்றுநோய்க்கன்றிப் பிற காரணங்களுக்காகச் செய்யப்பட்டவையும் அவற்றுள் அடங்கும். ஆயினும் 1977ஆம் ஆண்டின் ஐவரில் ஒருவர் என்னும் கணக்கோடு இதனை ஒப்பிடுமிடத்து, ஒரு தலைமுறைக்குள் அடைந்த தூரம் பெரிது. சிறந்த மயக்கமருந்து முறை, குருதியிழப்பைக் குறைத்த நுட்பங்கள், தீவிர சிகிச்சைப் பராமரிப்பு ஆகியவையும் இதிற் பங்குகொண்டன. எனினும் யாரை எவ்வளவு வெட்டலாம் என்னும் முன்கணிப்பு இல்லாவிடின் இவ்வெற்றி கைகூடியிராது.

இங்கே ஒரு சங்கடமான வினா தலைகாட்டுகிறது. வெட்டப்பட்டவர்களின் கணக்கு எழுதப்படுகிறது. வெட்டாமல் அனுப்பப்பட்டவர்களின் கணக்கை எழுதுவது யார்? முன்கணிப்பில் இருவகைத் தவறுகள் நேரலாம். தாங்கமாட்டாதவரைத் தாங்குவார் எனக் கருதி வெட்டுவது ஒன்று. தாங்கக்கூடியவரைத் தாங்கமாட்டார் எனக் கருதித் திருப்பியனுப்புவது மற்றொன்று. முதலாவது தவறு வைத்தியசாலைக்குள்ளேயே நிகழ்கிறது. அதற்குப் பெயரும் நாளும் சாட்சியும் உண்டு. இரண்டாவது தவறோ மாதங்கள் கழிந்து தொலைவிலுள்ள ஒரு வீட்டிற் புற்றுநோய் மரணமாக முடிகிறது. அதனை யாரும் தவறென்று குறிப்பதில்லை. ஆகவே இறப்பு வீதம் குறைவாக உள்ள ஒவ்வொரு வைத்தியசாலையின் கணக்கையும் படிக்கும்போது, அது திறமையாலும் தெரிவினாலும் எந்தெந்த அளவிற் பெறப்பட்டது எனக் கேட்க வேண்டும். இவ்வினா எவரையும் குற்றஞ்சாட்டுவதன்று, கணக்கை முழுமையாக்குவது.

இச்சங்கடத்திலிருந்து விடுபட ஒரு வழி, ஆபத்தை அளப்பதோடு நில்லாமல் அதனைக் குறைக்க முயல்வதாகும். நுண்கதிர்ப் படங்களின் உதவியோடு, வெட்டியபின் எஞ்சப்போகும் ஈரலின் கனவளவை இன்று முன்னதாகவே கணித்துவிடலாம். நலமான ஈரலாயின் ஐந்திலொரு பங்காவது எஞ்சவேண்டும். சிரோசிசு உற்றதாயின் ஐந்தில் இரண்டு பங்கு வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அவ்வளவு எஞ்சாதெனத் தெரிந்தால் முன்னர் கைவிடுவதே வழக்கம். 1980களில் யப்பானியச் சத்திரசிகிச்சையாளர்கள் வேறொரு வழி கண்டனர். குடலிலிருந்து ஈரலுக்குக் குருதி கொண்டுவரும் நாளத்தில், அகற்றப்படவிருக்கும் பக்கத்துக் கிளையை மட்டும் முன்கூட்டி அடைத்துவிட்டனர். குருதி முழுவதும் மறுபக்கம் திரும்ப, அப்பக்கம் சில வாரங்களில் வளரத் தொடங்கியது. அதன் பின்னரே கத்தி எடுக்கப்பட்டது. வளர்ந்தால் வெட்டலாம், வளராவிடின், அவ்வீரலுக்கு மீள்வளர்ச்சி ஆற்றல் இல்லையென்பது நோயாளியின் உயிரைப் பணயம் வையாமலே தெரிந்துவிடும். சிகிச்சையே இங்கு சோதனையுமாகிறது.

ஐரோப்பியர் வேறு கோணத்திலிருந்து இதே இடத்தை அடைந்தனர். 1996இல் பார்சிலோனாவைச் சேர்ந்த புரூயிக்ஸ் முதலியோர், பியூவின் முதல் வகுப்பினருள்ளும் ஈரல் நாள அழுத்தம் 10 மில்லிமீற்றர் இரசத்தை எட்டியவர்களே சத்திரசிகிச்சைக்குப் பின் தளர்ந்து போகின்றனர் எனக் காட்டினர். 2005இல் பாரிசை அடுத்த கிளிஷி நகரின் பெல்கீத்தி குழுவினர், சத்திரசிகிச்சையின் பின் ஐந்தாம் நாளிலே குருதி உறையும் ஆற்றல் பாதிக்குக் கீழும், பிலிரூபின் லீற்றருக்கு 50 மைக்குரோமோலுக்கு மேலும் நிற்பின், அத்தகையோருள் நூற்றுக்கு 59 பேர் இறக்கின்றனர் எனக் கண்டனர். இது மிகத் துல்லியமான கணிப்பு. ஆனால் அது கிடைப்பது ஐந்தாம் நாளில். வெட்டிய ஈரலை அன்று திரும்ப ஒட்ட இயலாது. காலந்தாழ்த்திய துல்லியத்திலும் காலத்தே கிட்டும் அரைகுறை அறிவு பயனுடையது என்பதை இவ்வெடுத்துக்காட்டு உணர்த்துகிறது.

அண்மைக் காலத்தில் இக்கணிப்பு வேலையிற் கணினியும் பங்குகொள்கிறது. ஆயிரக்கணக்கான நோயாளரின் வயது, குருதி எண்கள், ஈரலின் இறுக்கம், படங்களின் நிழல்கள் யாவற்றையும் அதனிடம் ஊட்டினால், மனிதக் கண்ணுக்குத் தப்பிய தொடர்புகளையும் அது கண்டெடுக்கும். இத்தகைய கணிப்பு எதனையும் மதிப்பிடுவதற்கு இரு உரைகற்கள் உள்ளன. ஆபத்து மிகுந்தவரைக் குறைந்தவருக்கு மேலாக வரிசைப்படுத்துகிறதா என்பது ஒன்று. நூற்றுக்குப் பத்து எனச் சொல்லப்பட்டவர்களுள் உண்மையிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்குத்தான் தீங்கு நேர்கிறதா என்பது மற்றொன்று. முதற் சோதனையிற் சிறந்து விளங்கும் கணிப்பு இரண்டாவதில் தோற்றுவிடக்கூடும். அதுவும் ஒரு நாட்டு நோயாளரிடம் கற்ற கணிப்பை வேறொரு நாட்டுக்குக் கொண்டுசெல்லும்போது அவ்வாறு தோற்பது பெரிதும் இயல்பு. யப்பானில் ஈரற் புற்றுநோய் நெடுங்காலமாக சி வைரசோடு பிணைந்திருந்தது. இலங்கையிலோ இந்நோயுற்றவர்களுட் பெரும்பாலோரிடம் இவ்வைரசுகள் காணப்படுவதில்லை. மதுவும் கொழுப்பு ஈரலுமே முன்னிற்கின்றன. ஆகவே அங்கு செய்த கோலை இங்கு அப்படியே நீட்டிப் பார்க்கலாகாது. இரவற் கோல் என்னும் பழைய சிக்கல் புதிய உடையில் மீண்டும் வந்து நிற்கிறது.

எத்துணை நேர்த்தியான கோலாயினும் ஓர் எல்லையை அதனாற் கடக்க முடியாது. நூற்றுக்கு ஐந்து என்பது நூறு பேரைப் பற்றிய உண்மை. கட்டிலில் இருப்பவர் ஒருவர். அவர் நூற்றுக்கு ஐந்து பங்கு இறப்பதில்லை. ஒன்றில் முழுமையாகப் பிழைப்பார், அல்லது முழுமையாக இறப்பார். அவர் தொண்ணூற்றைவரில் ஒருவரா, ஐவரில் ஒருவரா என்பதை எந்தச் சாயமும் எந்தக் கணினியும் சொல்லா. இதனாற் கணிப்பு வீண் என்றாகாது. மழைக்குறி கண்டு நெல்லை அள்ளுபவன் மழை பெய்தே தீருமென்று அறிந்து அள்ளுவதில்லை. பெய்தால் இழப்பு எவ்வளவு என்பதை அறிந்து அள்ளுகிறான். சத்திரசிகிச்சைக்கு முந்திய கணக்கும் அத்தகையதே. அது தீர்ப்பன்று, தீர்மானத்துக்கு ஒரு துணை.

தீர்மானம் யாருடையது என்பதே இறுதியில் எஞ்சும் வினா. வெட்டுவதற்கு ஏற்றவரல்லர் எனக் கணக்குச் சொல்வதால் ஒருவர் கைவிடப்பட்டவராக வேண்டியதில்லை. சிறு கட்டிகளை ஊசிவழியே வெப்பமூட்டி அழிக்கலாம். கட்டிக்குச் செல்லும் நாடியை அடைத்து அதனை ஒடுக்கலாம். 1996இல் மிலான் நகரத்து மட்சபெரோ வகுத்த வரம்புக்குள், அதாவது ஐந்து சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரு கட்டி அல்லது மூன்று சென்ரிமீற்றருக்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரை, உடையவராயின் ஈரல் மாற்றுச் சிகிச்சையையும் எண்ணலாம். மாற்றுச் சிகிச்சை கட்டியையும் நலிந்த ஈரலையும் ஒருங்கே அகற்றுவதாகும். ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு விலை உண்டு. விரைவில் நேரக்கூடிய சிறு ஆபத்தை ஏற்று நீண்ட ஆயுளை நாடுவதா, அல்லது உறுதியான சில ஆண்டுகளை அமைதியாகக் கழிப்பதா என்பதற்குக் குருதிப் பரிசோதனையில் விடை இல்லை. திருமணமாகாத மகளையுடைய தந்தையும், பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்ட முதியவரும் ஒரே எண்ணைக் கேட்டு வெவ்வேறு விடை கூறலாம். இருவர் கூறுவதும் சரியாகவே இருக்கலாம்.

ஆகவே அந்த முதல் நாள் மாலைக்கே மீண்டும் திரும்ப வேண்டியிருக்கிறது. உண்மையில் அவ்வுரையாடல் முதல் நாள் மாலையில் நிகழ்வதே பிழை. அது பல நாட்களுக்கு முன்னரே, நோயாளி வேண்டாமென்று சொல்வதற்கும் இடமிருக்கும் வேளையில் நிகழ வேண்டும். "ஐயா, நான் இதிலே தப்புவேனா?" என்று கேட்பவரிடம் இன்றைய நிபுணர் கூறத்தக்க நேர்மையான விடை ஏறத்தாழ இவ்வாறு அமையும்: "உம்மைப்போன்ற நூறு பேருக்கு இதைச் செய்தால் இத்தனை பேர் நலமாக வீடு செல்கின்றனர், இத்தனை பேர் செல்வதில்லை. செய்யாவிட்டால் இவ்வாறு ஆகும். எஞ்சும் ஈரலை அளந்து பார்த்தோம், அதற்கேற்பவே வெட்டுவோம். நீர் எந்தப் பக்கம் நிற்பீர் என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது." இவ்விடை "பயப்பட ஒன்றுமில்லை" என்பதைப்போல இனிமையானதன்று. ஆனால் கேட்பவரை ஓர் உடலாகக் கருதாது, தம் வாழ்வைத் தாமே எடைபோடவல்ல மனிதராகக் கருதும் விடை இது. விடைகூறியவரும் அக்கட்டிலருகே இன்னும் சிறிது நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டபின் நோயாளி உடனே ஒன்றும் பேசமாட்டார்.